மெத்தென்ற கோழி உருண்டையும் ஸ்பகெட்டியும்: வார இறுதி இரவு உணவுக்கு ஒரு செய்முறை

கொழுப்புக் குறைவாக இறைச்சி உருண்டை செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் கோழியின் நெஞ்சுக்கறியை வாங்கி, வேறு எதுவும் அதிகம் சேர்க்காமல் நன்றாகப் பிசைந்து உருட்டிவிடுகிறார்கள். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. கொழுப்பில்லாத கறி சூடு பட்டதும் இறுகித் தன்னிடமுள்ள நீரை வெளியே தள்ளிவிடும். கிடைப்பது வறண்டு போன, மெல்ல மெல்லத் தீராத உருண்டை. வயிற்றுக்கு லேசாக இருப்பது வாயிலும் லேசாக இருக்க வேண்டுமானால் பாலில் ஊறிய பிரெட் வேண்டும், கலவையை அழுத்தாத கை வேண்டும். இந்தச் செய்முறையில் மற்றதெல்லாம் உங்கள் வசதிப்படி மாறலாம். இவை இரண்டும் மாறக்கூடாது.

பிரெட் சேர்ப்பது கறியை மிச்சம் பிடிக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இத்தாலிய வீடுகளில் முந்தைய நாள் பிரெட்டை வீணாக்காமல் பாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து, கறியோடு சேர்த்து ‘போல்பெத்தே’ என்னும் உருண்டைகளாகச் செய்வார்கள். அங்கே அது பெரும்பாலும் தனி உணவு. பாஸ்தாவோடு ஒரே தட்டில் வருவதில்லை. ஸ்பகெட்டியின் மேல் பெரிய உருண்டைகளை வைத்துப் பரிமாறும் வழக்கம், 1880க்கும் 1920க்கும் இடையே தென் இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மக்களிடையே வளர்ந்தது. ஊரில் விசேஷ நாள்களில் மட்டும் கண்ணில் பட்ட இறைச்சி அங்கே கைக்கெட்டும் விலையில் கிடைத்தது, உருண்டையும் பெரிதானது. இத்தாலியிலேயே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் ஊர்களும் உண்டு. அப்ருட்ஸோ மாநிலத்தின் தெராமோ பகுதியில், கம்பி கட்டிய சட்டத்தில் வைத்து வெட்டிய பாஸ்தாவோடு சுண்டைக்காய் அளவில் குட்டி உருண்டைகளைப் போடுவார்கள். நாம் செய்யப்போவது அளவில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

உருண்டைக்கு: கோழிக் கொத்துக்கறி 500 கிராம், ஓரம் நீக்கிய பிரெட் 60 கிராம் (இரண்டு அல்லது மூன்று துண்டுகள்), பால் 80 மில்லி, முட்டை ஒன்று, துருவிய பார்மசான் சீஸ் 30 கிராம், சுக்கினி ஒன்று (சுமார் 150 கிராம்), பூண்டு இரண்டு பல், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள்.

சாஸுக்கு: தோலுரித்த தக்காளி டின் இரண்டு (ஒவ்வொன்றும் 400 கிராம்), ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், பேசில் இலை பத்து, காய்ந்த மிளகாய் ஒன்று.

ஸ்பகெட்டி 320 கிராம்.

சுக்கினி கிடைக்காவிட்டால் பிஞ்சுச் சுரைக்காய் நன்றாகவே பொருந்தும். பேசில் கிடைக்காவிட்டால் திருநீற்றுப்பச்சிலையில் நான்கைந்து இலை போதும். இரண்டும் ஒரே செடியின் வகைகள்தான், ஆனால் திருநீற்றுப்பச்சிலையின் வாசனை தூக்கலாக இருக்கும். பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி போடலாமா என்றால், போடலாம். ஆனால் உருண்டையின் குணமே மாறிவிடும் என்பதால் நான் போடுவதில்லை. சீஸ் இல்லையென்றால் விட்டுவிட்டு உப்பை ஒரு டீஸ்பூனாக ஆக்குங்கள்.

கறியை வாங்கும்போது

தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் பாதிக்குப் பாதி என்பது என் கணக்கு. தொடைக்கறியில் உள்ள கொஞ்சம் கொழுப்பு உருண்டையை ஈரமாக வைத்திருக்கும். தோலை மட்டும் நீக்கிவிடச் சொல்லுங்கள். கடையிலேயே கொத்தி வாங்கினால் வீட்டுக்கு வந்து அதைக் கழுவ வேண்டாம். கொத்திய கறி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு பிழிந்தாலும் உருண்டை நிற்காது. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீரோடு கிருமிகளும் சமையல் மேடையெங்கும் பரவும். நோய் தரும் கிருமிகள் சாக, உருண்டையின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அந்த வேலையை அடுப்பு செய்யும்.

மிக்ஸியில் அரைப்பதானால், கறியைச் சிறு துண்டுகளாக்கி, தட்டில் பரப்பி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விளிம்பு லேசாக உறைந்ததும் விட்டுவிட்டு ஓடும் ‘பல்ஸ்’ பக்கமாகத் திருப்பி நான்கைந்து முறை மட்டும் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் கறி சூடாகிப் பசையாகிவிடும். துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரிகிற பதத்தில் நிறுத்த வேண்டும்.

முதலில் சாஸை அடுப்பில் ஏற்றுங்கள்

சாஸ் நிதானமாகக் கொதிக்கும் நேரத்தில் உருண்டை வேலையை முடித்துவிடலாம். அகலமான, உயரம் குறைந்த பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் குறைந்த தீயில் ஆறேழு நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக்கூடாது, துவண்டால் போதும். நசுக்கிய பூண்டையும் கிள்ளிய மிளகாயையும் போட்டு வாசனை வந்ததும், கையால் மசித்த தக்காளியை அதன் சாறோடு சேர்த்துவிடுங்கள். சாஸில் காய்ந்த மிளகாய் போடுவது தென் இத்தாலியில், குறிப்பாகக் கலாப்ரியாவில், வழக்கமான ஒன்றுதான். கரம் மசாலா, சீரகம் எதுவும் வேண்டாம். தக்காளியின் சுவை முன்னால் நிற்கட்டும்.

சந்தைத் தக்காளியில் செய்வதானால் நன்கு பழுத்ததாக ஒன்றேகால் கிலோ எடுத்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு அதிகம். பாதி கேரட்டை முழுசாகப் போட்டு, கடைசியில் எடுத்துவிடுங்கள். சர்க்கரை போடுவதைவிட இது நல்லது. அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, மூடாமல், குறைந்த தீயில் இருபத்தைந்து நிமிடம் விடுங்கள்.

பிரெட் ஊறட்டும்

பிரெட்டைப் பிய்த்துப் போட்டுப் பாலை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து முட்கரண்டியால் மசியுங்கள். கட்டியில்லாத கூழாக வர வேண்டும். பாலைப் பிழிந்து எடுத்துவிடாதீர்கள், அது உருண்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். கறியிலுள்ள புரத இழைகள் வேகும்போது ஒன்றையொன்று பிடித்து இறுக்கிக்கொள்ளும். பால் குடித்த பிரெட் அவற்றுக்கு இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, ஈரத்தையும் தாங்கிக்கொள்கிறது. நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு சேர்ப்பது வேறு நோக்கத்துக்கு: அது ஈரத்தை உறிஞ்சி, எண்ணெயில் பொரிய ஏற்ற கெட்டியைத் தரும். இங்கே நமக்கு அந்தக் கெட்டி வேண்டாம். ஆகவே பொட்டுக்கடலை, கடலை மாவு, காய்ந்த பிரெட் தூள் எதையும் இதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

சுக்கினியைத் துருவி, கால் டீஸ்பூன் உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். கைக்குத் தெரிகிற ஈரம் முழுவதும் போக வேண்டும். பாதியளவுக்கு வற்றிப்போகும், பரவாயில்லை. காய்கறி பிடிக்காத குழந்தைகள்கூட உள்ளே அது இருப்பதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கலப்பது

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். பெரிய பாத்திரத்தில் முதலில் பிரெட் கூழ், முட்டை, சீஸ், பிழிந்த சுக்கினி, துருவிய பூண்டு, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, மிளகுத்தூள், ஜாதிக்காய், உப்பு அனைத்தையும் கலந்துவிடுங்கள். கறி கடைசியில்தான் வர வேண்டும். கறியைப் போட்ட பிறகு உப்பும் மசாலாவும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால், அவை பரவும்வரை பிசைந்துகொண்டே இருக்க நேரிடும். உப்புப் பட்ட கறியைப் பிசையப் பிசைய அதன் புரதம் கரைந்து பசையாகும். சாசேஜுக்கு அது தேவை, இதற்கு ஆகாது.

ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த கறியைக் கலவையின் மேல் உதிர்த்துப் போடுங்கள். விரல்களை அகல விரித்து, அடியிலிருந்து மேலே அள்ளி அள்ளிப் புரட்டுங்கள். உள்ளங்கை வேலை செய்யவே கூடாது, சப்பாத்தி மாவு பிசையும் அழுத்தம் வேண்டவே வேண்டாம். அரை நிமிடத்தில் வெள்ளைத் திட்டுகள் மறைந்துவிடும், அத்துடன் நிறுத்துங்கள். சரியான பதத்தில் கலவை தளர்வாக, விரலில் ஒட்டுவதாக, உருட்டினால் நிற்குமா என்று சந்தேகம் வரும்படி இருக்கும். அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து மாவு தூவ வேண்டாம். மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் தானே சேர்ந்துகொள்ளும்.

உருட்டுவதற்கு முன் ஒரு சின்ன வில்லையைத் தவாவில் வேகவைத்துச் சுவை பாருங்கள். பச்சைக் கலவையை நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்புக் குறைந்தால் இப்போதே சேர்த்துவிடலாம்.

உருட்டுவது, வேகவைப்பது

உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, சின்ன எலுமிச்சை அளவில், ஒவ்வொன்றும் 40 கிராம் வருமாறு எடுத்து, இரண்டு கைக்கும் நடுவே லேசாகத் தட்டித் தட்டி உருட்டுங்கள். மேற்பரப்பு வழவழப்பாக வர வேண்டியதில்லை. சொரசொரப்பில்தான் சாஸ் பிடிக்கும். இந்த அளவுக்கு ஏறத்தாழ இருபது உருண்டை வரும்.

ஓவன் இருந்தால் 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே எண்ணெய் தொட்டுத் தடவி, பதினைந்து நிமிடம் வையுங்கள். ஆங்காங்கே பொன்னிறம் தெரிந்தால் எடுத்துவிடலாம். மீதி சாஸில் வெந்துகொள்ளும்.

ஓவன் இல்லாத வீட்டில் என் பரிந்துரை குழிப்பணியாரக் கல். எண்ணெயில் மூழ்கப் பொரிக்காமல் உருண்டையைச் சுற்றிலும் சிவக்க வைக்க இதைவிட நல்ல பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. கல்லை நன்றாகச் சூடாக்கி, குழிக்கு நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, உருண்டையை வைத்து, மிதமான தீயில் மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானாகவே கல்லை விட்டு வரும். குச்சியால் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அசைந்தால் மட்டும் திருப்புங்கள்; ஒட்டினால் இன்னும் அரை நிமிடம் காத்திருங்கள். தளர்வான கலவை தவாவில் தட்டையாகிவிடும், குழியில் உருண்டை வடிவம் அப்படியே நிற்கும்.

எந்த வழியில் சிவக்க வைத்தாலும், அடுத்து உருண்டைகளைச் சாஸில் மெதுவாக இறக்கி, பாதி மூடி, சிறு கொதியில் பத்து நிமிடம் விடுங்கள். கரண்டி போட்டுக் கிளறாமல் பாத்திரத்தைப் பிடித்து லேசாகக் குலுக்கினால் போதும். வெப்பமானி இருந்தால் நடுவில் குத்தி 74 டிகிரி வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றைப் பிளந்து பாருங்கள்; நடுவில் இளஞ்சிவப்பு இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

ஸ்பகெட்டி

உருண்டை சாஸில் இறங்கும் நேரத்தில் இன்னொரு அடுப்பில் மூன்று லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு, அதாவது மொத்தம் ஐந்து டீஸ்பூன் தூள் உப்பு. அதிகமாகத் தோன்றும், ஆனால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் படிந்த பாஸ்தாவில் சாஸ் பிடிக்காது. ஸ்பகெட்டியை உடைக்காமல் போடுங்கள், அரை நிமிடத்தில் வளைந்து உள்ளே இறங்கிவிடும். முதல் இரண்டு நிமிடம் கிளறிவிடுவது ஒட்டாமல் இருக்க உதவும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக ஒரு இழையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சரியான நேரம்.

வடிப்பதற்கு முன் ஒரு டம்ளர் வெந்த நீரை எடுத்து வையுங்கள். இதை மறந்து கொட்டிவிட்டால் அதற்கு மாற்று இல்லை. வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசவும் கூடாது, மேலே படிந்திருக்கும் மாவுச்சத்துதான் சாஸை ஒட்ட வைக்கிறது.

உருண்டைகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, ஸ்பகெட்டியைச் சாஸில் போட்டு, எடுத்து வைத்த நீரில் பாதியை ஊற்றி, பெரிய தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். தண்ணீராகத் தெரிந்த சாஸ் திடீரென்று பளபளத்து ஒவ்வொரு இழையையும் பற்றிக்கொள்ளும். இறுகினால் இன்னும் கொஞ்சம் நீர் விடுங்கள். அடுப்பை அணைத்துப் பேசில் இலைகளைக் கிள்ளிப் போட்டு, தட்டுக்கு ஐந்து உருண்டை வைத்து, மேலே கொஞ்சம் சீஸ் துருவி உடனே பரிமாறுங்கள். பாஸ்தா காத்திருக்காது, சாப்பிடுபவர்களை முன்கூட்டியே உட்கார வைத்துவிடுங்கள்.

முன்கூட்டியே செய்து வைக்க

சனிக்கிழமை காலையிலேயே கலவையைச் செய்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இரவு உருட்டி வேகவைக்கலாம். சாஸ் முதல் நாளே செய்ததானால் இன்னும் நன்றாக இருக்கும். வெந்த உருண்டை சாஸோடு ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். சூடாக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் குறைந்த தீயில் மூடி வையுங்கள். ஸ்பகெட்டியை மட்டும் அவ்வப்போது புதிதாக வேகவைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய உருண்டையை நசுக்கி, சாஸோடு பிரெட் துண்டுக்கு நடுவே வைத்துத் தவாவில் மொறுமொறுவென்று சூடாக்கினால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தது.