பனிக்காலத்துக்கு முன் ஸ்னோமொபைலைத் தயார் செய்வது எப்படி?

கனடாவின் ஒன்ராறியோவில் பனி நன்றாக விழுந்த பிறகு, அதன் மேல் ஓட்டிச் செல்லும் இந்த வண்டியைக் கழற்ற உட்கார்ந்தால் தேவையான உதிரிப்பாகம் கைக்கு வருவதற்குள் பாதிப் பருவம் போய்விடும். ஆகவே அக்டோபரிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்னுடையது இரட்டை சிலிண்டர் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றவற்றைப் பின்பற்றலாம்.

முதலில் மேல்மூடியைத் திறந்து, காற்றுப்பெட்டியிலும் சைலன்சர் வாயிலும் எலி கூடு கட்டியிருக்கிறதா, வயர்கள் கடிபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு தொட்டியில் மிஞ்சியுள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வெளியேற்றுங்கள்.

அடுத்தது கார்புரேட்டர். நான் இரண்டு வாரம் தடுமாறியது இங்கேதான். சோக்கை இழுத்தால் எஞ்சின் உயிர்பெறும். சோக்கை விட்டதும் அணைந்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டான மெயின் ஜெட்டை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை. மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தருவது அதன் பக்கத்தில் குழிக்குள் மறைந்திருக்கும் பைலட் ஜெட் என்பதும், எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்று பிசினாக மாறும்போது அந்த ஊசிமுனைத் துளைதான் முதலில் அடைபடும் என்பதும் எனக்குப் பின்னர்தான் புரிந்தது. அதற்குச் சரியாகப் பொருந்தும் ஒடுக்கமான ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பெரியதைப் போட்டால் பித்தளைத் தலை சிதைந்துவிடும். கழற்றிய ஜெட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் துளை வட்டமான ஒளிப்புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் துளை அகன்று, கலவை கெட்டுவிடும். சில எஞ்சின்களில் இரு பக்கத்து மெயின் ஜெட்டுகளும் வேறு வேறு அளவில் இருப்பதால், ஒரு கார்புரேட்டரை முடித்து மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

இனி, எஞ்சின் பக்கத்து முன் கிளட்ச்சிலிருந்து பின் கிளட்ச்சுக்கு விசையைக் கடத்தும் பெல்ட். ஓரம் பிசிறியிருந்தாலும், பல் வெடித்திருந்தாலும், கையேட்டில் குறித்த அகலத்தைவிடக் குறைந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வண்டித் தயாரிப்பாளரின் அசல் பெல்ட் விலை கூடியதுதான் என்றாலும், நான் வேறெதையும் வாங்குவதில்லை. புதியதைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் முன் கிளட்ச் பழுதாகக்கூடும்.

ஜோசப்-அர்மான் பொம்பார்டியே கியூபெக்கின் வால்கூரில் 1959இல் அறிமுகப்படுத்திய ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலைப் போலவே, இன்றைய வண்டிகளையும் ஒரே வளையமான ரப்பர் டிராக்தான் தள்ளிச் செல்கிறது. பின்பக்கத்தைத் தாங்கியில் தூக்கி நிறுத்தி, கையேடு சொல்லும் அளவுக்கு அதன் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு திறந்த வெளியில், வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்காதபடி, மெதுவாகச் சுழலவிட்டுப் பாருங்கள். டிராக் இடப்பக்கம் ஒதுங்கினால் எஞ்சினை நிறுத்தி, பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இடப்பக்க போல்ட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மீண்டும் சுழற்றிச் சோதியுங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்க போல்ட்டை அவ்வாறே செய்யுங்கள்.

செயின் பெட்டி எண்ணெய், கூலன்ட், பிரேக் திரவம், கிரீஸ் முனைகள், முன்புறச் சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைடு (கடின உலோகப் பட்டை), விளக்குகள், அவசர நிறுத்தக் கயிறு ஆகியவற்றை ஒரே மாலையில் பார்த்து முடிக்கலாம். ஆக்சிலேட்டர் நெம்புகோல் விட்டவுடன் தானாகத் திரும்புகிறதா என்பதை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோதிப்பது அவசியம்.

பிற்சேர்க்கை: ஜெட்டுகளைச் சுத்தம் செய்த பிறகும் எஞ்சின் வேகம் தானாக ஏறுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கார்புரேட்டரை எஞ்சினுடன் இணைக்கும் ரப்பர் கழுத்தைக் கையால் வளைத்துப் பார்க்கச் சொன்னேன். நேராக இருக்கையில் கண்ணுக்குப் படாத வெடிப்பு வளைத்ததும் தெரிந்தது. அதன் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டனே உருகிவிடக்கூடும். ஆகவே கார்புரேட்டரைக் கழற்றும்போதே அந்தக் கழுத்தையும் வளைத்துப் பாருங்கள். சிறு வெடிப்பு இருந்தாலும் ஒட்டுப்போடாமல் புதியதை மாட்டுங்கள்.