கணவர் அடிக்கும்போது திருப்பி அடிக்கலாமா? சட்டம் தரும் இடம் எவ்வளவு?

அடி வாங்கும் பெண்கள் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி இது: தடுக்கப் போய் அவருக்குக் காயம் பட்டுவிட்டால் கேஸ் என் மேல் திரும்புமா? தற்காப்புக்காகச் செய்தது குற்றமே இல்லை என்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34-ஆவது பிரிவு. தாக்குபவர் கணவர் என்பதால் இதில் விலக்கு எதுவும் கிடையாது. உங்கள் பிள்ளையையோ அம்மாவையோ காப்பாற்றவும் இதே உரிமை உண்டு. முதல் அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கத்தியோடு பாய்ந்து வருகிறார், ஆபத்து என்று நியாயமான பயம் வந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது.

ஆனால் ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடும். இதைத்தான் நன்றாக மனதில் வைக்க வேண்டும். கழுத்தை நெரிக்கிற கையைக் கடித்தாலோ, கையில் கிடைத்ததை எடுத்து அடித்துத் தள்ளிவிட்டு ஓடினாலோ அது தற்காப்பு. அவர் குடித்துவிட்டுத் தூங்கும்போது அடித்தால், வருஷக்கணக்கில் பட்ட கொடுமை தாங்காமல்தான் செய்தீர்கள் என்றாலும், சட்டம் அதைத் தற்காப்பாக எடுத்துக்கொள்வது மிகவும் கடினம். தேவைக்கு மேல் தாக்கவும் கூடாது. அதற்காக, உயிர்பயத்தில் இருப்பவர் அளந்து பார்த்து அடிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. கொன்றுவிடுவார், கொடுங்காயம் ஏற்படுத்துவார், ஆசிட் ஊற்றுவார் என்ற நிலைமையில் தாக்கியவரின் உயிரே போனாலும் தற்காப்பு உரிமை செல்லும்.

சரி, இது தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு உங்கள் பக்கம் வரும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் காகிதத்தில் ஒரு பதிவு இருக்கட்டும். அரசு மருத்துவமனைக்குப் போனால் தயவுசெய்து "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள், யார் அடித்தார், எதால் அடித்தார் என்று ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லி ஏ.ஆர். காப்பிக்குக் கேளுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம். காயத்தின் போட்டோ, மிரட்டல் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள், உங்கள் போன் எந்த நேரமும் உடைக்கப்படலாம்.

அப்புறம், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். கணவரைச் சிறைக்கு அனுப்ப விருப்பமில்லை, அடி மட்டும் நின்றால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இது உதவும். அடி மட்டுமல்ல, கேவலமாகத் திட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, நகையைப் பிடுங்குவது எல்லாம் இதில் வன்முறைதான். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும், மகனிடம் அடி வாங்கும் தாயும்கூட மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் அவரே மாஜிஸ்திரேட்டுக்கான அறிக்கையைத் தயார் செய்வார். அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வெளியே போ என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம், நீங்கள் சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால் அது கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இனி வன்முறை கூடாது என்று மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். உதவிக்கும் ஆலோசனைக்கும் 181. அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் நேராக 112.