வேலூர் வெயிலில் பெரியவர்களை வெளியே கூட்டிப்போவது எப்படி?

ஏப்ரல் பிறந்துவிட்டால் காட்பாடியில் இருக்கும் எங்கள் முதியோர் குடியிருப்பில் பேச்சுச் சத்தமே குறைந்துவிடும். காலை ஒன்பது மணிக்கே ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டுக்கொண்டு அவரவர் அறைக்குள் அடைந்துவிடுவார்கள். கத்திரி முடிகிறவரை இப்படித்தான். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. ஆனால் இரண்டு மாதம் நாலு பேரோடு பேசாமல் கிடந்தால் அதுவும் பெரியவர்களை வாட்டிவிடுகிறது. அங்கே நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. முதல்முறையாக இப்படி ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறவர்களுக்காக, செய்து பார்த்துக் கற்றதை எழுதுகிறேன்.

படி 1: தனித்தனியாகக் கேளுங்கள்

எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து "எங்கே போகலாம்?" என்று கேட்காதீர்கள். நாலு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அறைக்கு அறை போய், ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். இப்படிக் கேட்டபோதுதான் ஓர் ஆயா சொன்னார்: "கோட்டைக் கோயில்ல சாமி இல்லாதப்ப போயிருக்கேன்ம்மா. சாமி வந்தப்புறம் உள்ள போய் நின்னு கும்பிட்டதே இல்ல."

அவர் சொன்னது வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை. அங்கே பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். எண்பது வயதுக்காரர்களுக்கு அது நேற்று நடந்த மாதிரி. எங்கள் முதல் பயணம் எங்கே என்பது அந்த அறையிலேயே முடிவாகிவிட்டது.

படி 2: இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு வேலூர்க் கோட்டையைத்தான் நான் சொல்வேன். சமதரை, ஊருக்கு நடுவில் இருக்கிறது, அகழியைப் பார்த்துக்கொண்டே பேச ஆயிரம் விஷயம் உண்டு. கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களில் இருக்கும் யாளிகளை நிதானமாகப் பார்த்தாலே அரை மணி நேரம் ஓடிவிடும். வரலாற்றில் ஆர்வம் உள்ள ஐயா யாராவது இருந்தால், 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றி அங்கேயே நின்று பேசச் சொல்லுங்கள். கேட்கிறவர்களைவிடச் சொல்கிறவருக்குத்தான் முகம் மலரும்.

நேரம்தான் முக்கியம். முதல் வருடம் டிஃபன் முடித்துப் பத்து மணிக்குக் கிளம்பினோம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரகாரத்தில் கால் வைத்த ஓர் அம்மா, கல் சுட்டதில் அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. நான்தான் யோசித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஆறு மணிக்கு வண்டி கிளம்பும், ஒன்பதுக்குள் வீடு திரும்பிவிடுவோம். எல்லோருக்கும் பருத்திச் சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுபோகிறோம்.

மற்ற இடங்கள்: அமிர்தி உயிரியல் பூங்கா வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம், மர நிழல் உண்டு, இரண்டாவது பயணத்துக்கு நல்லது. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் நட்சத்திர வடிவப் பாதையே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல், நன்றாக நடக்கிறவர்களுக்கு மட்டும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்; தலைசுற்றல் உள்ளவர்கள் குழுவில் இருந்தால் வேண்டாம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

படி 3: முன்னதாக ஒருமுறை போய்க் கழிவறையைப் பாருங்கள்

இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வெளியே கிளம்பும் நாளில் பல அம்மாக்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். போகிற இடத்தில் கழிவறை எப்படி இருக்குமோ என்கிற பயம்தான் காரணம். வயதானால் தாக உணர்வும் மங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வேலூர் வெயிலில் மயக்கம்தான்.

அதனால் இரண்டு நாள் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, படி எத்தனை, தரை வழுக்குமா, பக்கெட்டும் மக்கும் இருக்கிறதா? சரியில்லை என்றால் வழியில் சுத்தமான ஓட்டல் ஒன்றில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிளம்பும் முன் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "ஏழரைக்கு நல்ல டாய்லெட் உள்ள இடத்தில் நிறுத்துவோம்." இந்த ஒரு வரியைக் கேட்டதும் தண்ணீர் டம்ளர் காலியாவதைப் பார்க்கலாம்.

படி 4: வண்டியில் ஏற ஒரு படி

வேன் எல்லாவற்றிலும் முதல் படி உயரம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது மலை. ஆசாரியிடம் சொல்லி ஒரு மணை செய்து வாங்கினோம்: அரை அடி உயரம், இரண்டு கால் சேர்த்து வைக்கும் அகலம், மேலே வழுக்காமல் சாக்குத் துணி. டிரைவர் அதைத் தரையில் ஆடாமல் வைப்பார். நான் முன்னால் நின்று கையைக் கொடுப்பேன், பின்னால் இன்னொருவர் நிற்பார், ஆனால் தள்ள மாட்டார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். சொல்லிக்கொண்டே ஏற்றுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். பன்னிரண்டு பேர் என்றால் அரை மணியை அதற்கே ஒதுக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

படி 5: பையும் பட்டியலும்

ஒவ்வொருவரின் பெயர், நோய், மாத்திரை, வீட்டார் எண் எழுதிய தாள் உங்கள் கையில் இருக்கட்டும். ஓஆர்எஸ் பாக்கெட் கலக்கும்போது அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரையே ஊற்றுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸும் பிஸ்கட்டும் வேண்டும். இன்சுலின் இருந்தால் வண்டியின் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். ஐஸ் நேரடியாகப் படவும் கூடாது. நீர்மோர் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களுக்கு உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று அவர்களுடைய டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது பேச்சில் குழறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் நிழலில் படுக்க வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

படி 6: வர முடியாதவர்களை விட்டுவிடாதீர்கள்

இடுப்பு உடைந்தவர்கள், ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் வண்டி கிளம்புவதை ஜன்னலிலிருந்து பார்ப்பார்கள். அவர்களுக்கும் இந்தக் கோடையில் ஏதாவது நடக்க வேண்டும். எங்களிடம் நன்றாகப் போவது கூழ் வத்தல். விடியற்காலை நாலரைக்குச் சமையலறையில் அரிசிக் கூழ் கிண்டி, ஆறு மணிக்கு லிஃப்டில் மாடிக்குக் கொண்டுபோவோம். பழைய வேட்டியை மேசை மேல் விரிப்போம். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் இருந்தே அச்சில் பிழியலாம். உப்பு போதுமா, சீரகம் போடுவதா ஓமம் போடுவதா என்று சண்டையே நடக்கும். வாரம் முழுக்கப் பேசாத ஒரு பாட்டி, "பச்சை மிளகாய இவ்வளவு அரைச்சா யார் தின்றது?" என்று அதட்டியதை நான் மறக்க மாட்டேன். ஏழரைக்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும்.

இன்னொன்று கூத்து. வட ஆற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடப்பது கோடையில்தான். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். நம்மவர்கள் பலர் சின்ன வயதில் விடிய விடியப் பார்த்தவர்கள், இப்போது அப்படி உட்கார முடியாது. கூத்துக் கலைஞர்கள் நாலைந்து பேரை மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கே அழையுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். அவர்கள் கேட்கும் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, காது மெஷின் வைத்திருப்பவர்களை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள்.

படி 7: மறுநாள் காலை

போய் வந்த ஒவ்வொருவரையும் மறுநாள் போய்ப் பாருங்கள். கால் வீங்கியிருக்கிறதா, தூங்கினார்களா என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் கோட்டைப் பயணத்துக்குக் கீழே இருப்பது: "12ஆம் அறை ஆயாவுக்கு ஜன்னல் சீட். 7ஆம் அறை ஐயா மணையில் ஏற மாட்டேன் என்கிறார், அவருக்குக் கைப்பிடி வேண்டும். சாக்ஸ் இன்னும் ஆறு ஜோடி. எல்லோரும் கேட்டது: அகழி ஓரம் இன்னும் கொஞ்ச நேரம்."