மாற்றக் காலத்தில் உடற்பயிற்சி: திருநங்கையரும் திருநம்பியரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலின மாற்றத்துக்கான ஹார்மோன் சிகிச்சையால் வரும் உடல் மாற்றங்கள் நிறைவடைய 2 முதல் 5 ஆண்டுகள் வரை ஆகலாம் என்பதால், ‘எல்லாம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று உடற்பயிற்சியைத் தள்ளிப்போடுவது, எலும்பும் இதயமும் உழைப்பை மிகவும் வேண்டி நிற்கும் காலத்தை வீணாக்குவதாகும்.

எடை தூக்கினால் ஆணுடல்போல் தசை திரண்டுவிடும் என்று திருநங்கையர் பலர் அஞ்சுகின்றனர். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அடக்கப்பட்டு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது தசை குறையத்தான் செய்யும்; இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் நான்கைந்து மாதங்களுக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுவதால், தண்டையார்பேட்டைக் குடியிருப்பொன்றில் மூன்றாம் மாடிக்குக் குடத்தோடு ஏறிப் பழகியவருக்கே மூச்சு வாங்கலாம். அதைச் சோம்பல் என்று எண்ணிப் பழைய வேகத்துக்கே உடலை விரட்டக் கூடாது. பயிற்சியை விட்டுவிடவும் கூடாது. குறிப்பாக, விதை நீக்க அறுவை சிகிச்சைக்குப் பின் ஹார்மோனையும் நிறுத்திவிட்டவர்களுக்கு எலும்பு மெலியும் ஆபத்து உண்டு. அவர்கள் மருத்துவரிடம் பேசி ஹார்மோனைச் சீராக்கிக்கொள்வது முதல் வேலை. விறுவிறு நடையும் அளவான எடைப் பயிற்சியும் அதற்குத் துணை நிற்கும். மெலிந்து தெரிவதற்காகப் பட்டினி கிடப்பது எலும்பை மேலும் கெடுக்கும்.

டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை உட்கொள்வோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அது சிறுநீரைப் பெருக்கி, பொட்டாசியத்தை உடலில் தேக்கும். மே மாதப் புழுக்கத்தில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நடந்துவிட்டு, பொட்டாசியம் மிகுந்த இளநீரை அடுத்தடுத்துக் குடிப்பதைவிடத் தண்ணீர் குடிப்பதே நல்லது. நடையை வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளலாம்; உற்றுப் பார்க்கும் கண்கள் தயக்கம் தருமானால், இரண்டு மூன்று பேராகச் செல்வது பெரும் தைரியம்.

வியாசர்பாடியில் கால்பந்தோ குத்துச்சண்டையோ ஆடும் திருநம்பியர், மார்பை இறுக்கும் பைண்டரோடு களமிறங்கக் கூடாது. விலா எலும்பு விரிய இடமில்லாதபோது மூச்சு முட்டும், வெப்பமும் வெளியேறாது. கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொள்வது இன்னும் மோசம். ஆடும் நேரத்துக்கு ஸ்போர்ட்ஸ் பிராவும் தளர்ந்த சட்டையும் போதும். டெஸ்டோஸ்டிரோனால் தசை விரைவாக வலுக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு விரைவாக வலுப்பதில்லை. ஆகவே, தூக்க முடிகிறதே என்று வாரந்தோறும் எடையை ஏற்றிக்கொண்டே போனால், காயம் தோளிலும் முழங்காலிலும் வரும். ஜிம்மில் யாரோ சொன்னார் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் அளவைக் கூட்டினால் இரத்தம் தடித்துவிடும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரங்களாவது கனமான எதையும் தூக்கக் கூடாது. மெதுவாக நடப்பதை மருத்துவர் அனுமதித்த நாளிலேயே தொடங்கலாம்.

ஈஸ்ட்ரோஜன் எடுப்பவருக்கு, அதிலும் புகைப்பவருக்கு, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலி எடுத்தால், அதை நடையால் வந்த சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கூடாது. அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவினால் கட்டி நுரையீரலுக்கு நகரக்கூடும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, எடுத்துவரும் ஹார்மோனின் பெயரையும் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.