புதிய பயணிகள் கப்பலில் இடம் பதியும் முன்: ஒப்படைப்புத் தாமதத்தையும் தளத் துறைமுகத்தையும் கணிக்கும் முறை

கட்டுமானத்தில் இருக்கும் பயணிகள் கப்பலின் முதல் பயணத்துக்கான சீட்டுகள், அந்தக் கப்பல் கட்டி முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே, சில வேளைகளில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. விளம்பரத்தில் அச்சாகும் புறப்பாட்டு நாள், கப்பல் கட்டும் தளம் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுத்த வாக்கை நம்பி எழுதப்படுவது. அந்த வாக்கு தவறும்போது கப்பல் கட்டணம் திரும்பி வந்துவிடும். ஆனால் அதற்காக வாங்கிய விமானச் சீட்டு, விடுதி முன்பதிவு, விசா, எழுதிக்கொடுத்த விடுப்பு ஆகியவை எல்லாம் பயணியின் தலையில்தான் விழும். என் அக்கா குடும்பத்துக்கு இது நேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து புறப்படவிருந்த ஒரு புதிய கப்பலின் முதல் வாரங்களில் இடம் பதிந்து, சென்னையிலிருந்து நால்வருக்கும் ரத்து செய்ய இயலாத விமானச் சீட்டு வாங்கிவிட்டிருந்தார்கள். புறப்பாட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது பயணம் ரத்து என்று மின்னஞ்சல் வந்தது. கப்பல் கட்டணம் முழுதாகத் திரும்பியது. விமானக் கட்டணத்தில் ஏறக்குறைய ஒன்றும் திரும்பவில்லை. அதன் பிறகு யார் என்னிடம் கேட்டாலும், பின்வரும் முறையில் சரிபார்த்த பிறகே பணம் கட்டச் சொல்கிறேன்.

முதலில் கப்பலின் பிறப்பிடத்தைப் பாருங்கள்

பெரிய பயணிகள் கப்பல்களைக் கட்டும் தளங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இத்தாலியில் மான்ஃபால்கோனே, மார்கேரா போன்ற ஊர்களில் ஃபின்கான்டியேரி நிறுவனத்தின் தளங்கள், பிரான்சில் சான் நசேர் துறையில் உள்ள ஷான்டியே த லட்லான்டீக், ஜெர்மனியில் பாபன்பர்க் நகரின் மெயர் வெர்ஃப்ட், பின்லாந்தில் மெயர் துர்க்கு ஆகியவற்றையே முதன்மையாகச் சொல்லலாம். ஒரு தளத்தில் நெருக்கடி வந்தால் வேலையை இன்னொரு தளத்துக்கு எளிதில் மாற்ற முடியாது. வரிசையில் நிற்கும் அடுத்தடுத்த கப்பல்களும் சேர்ந்தே பின்தள்ளப்படும்.

பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. வழக்கமான ஒப்பந்தத்தில், கப்பலின் விலையில் ஏறத்தாழ 20 விழுக்காடு மட்டுமே கட்டுமானக் காலத்தில் தரப்படுகிறது. மீதமுள்ள 80 விழுக்காடு ஒப்படைக்கும் நாளில்தான் கிடைக்கும். அதுவரை தளம் கடன் வாங்கித்தான் கட்டியாக வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் பொருள் விலையும் வட்டியும் ஏறியபோது மெயர் வெர்ஃப்ட் மூச்சுத் திணறியதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம். 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் மத்திய அரசும் லோயர் சாக்சனி மாநில அரசும் அதன் பங்குகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ஏற்று அதைக் காப்பாற்றின. ஆகவே கப்பலின் பெயரோடு அது கட்டப்படும் தளத்தின் பெயரையும் சேர்த்துத் தேடி, அந்தத் தளத்தின் நிதிநிலை பற்றிய செய்திகளைப் படித்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

முதல் கப்பலா, அதன் தங்கையா?

ஒரே வரைபடத்தில் பல கப்பல்கள் கட்டப்படும்போது, முதலாவதாக வருவதுதான் பெரும்பாலும் தாமதமாகிறது. புதிய எந்திரம், புதிய எரிபொருள், புதிய உள்ளமைப்பு ஆகியவற்றின் சிக்கல்கள் எல்லாம் அதில்தான் வெளிப்படுகின்றன. திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் முதல் பயணிகள் கப்பலான ஐடாநோவா, 2018 இலையுதிர்காலப் பயணங்களை ரத்துசெய்த பிறகு அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்றுதான் ஒப்படைக்கப்பட்டது. மான்ஃபால்கோனேயில் கட்டப்பட்ட சன் பிரின்சஸின் முதல் பயணம் 2024 பிப்ரவரி 8 என்று அறிவிக்கப்பட்டு, 18 ஆகி, இறுதியில் 28 ஆனது. ஆனால் இரண்டாவது கப்பல் என்பதால் நம்பிவிடலாம் என்றும் இல்லை; அதன் தங்கையான ஸ்டார் பிரின்சஸும் 2025 ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

பயணிகள் கப்பல் கட்டுவதில் அனுபவம் குறைந்த தளம் என்றால் இன்னும் கவனம் தேவை. ஜப்பானின் மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனம் நாகசாகியில் கட்டிய ஐடாபிரிமா இதற்குத் தெளிவான சான்று. 2015 மார்ச்சில் வரவேண்டிய அந்தக் கப்பல் 2016 மார்ச்சில்தான் ஒப்படைக்கப்பட்டது. சரக்குக் கப்பல் கட்டுவதில் தேர்ந்த கைகளுக்கும் பயணிகள் கப்பலின் உள்வேலை பிடிபடவில்லை. போதாக்குறைக்கு 2016 ஜனவரியில் கட்டுமானத்தின்போதே அடுத்தடுத்துத் தீப்பற்றியது. பெருநட்டத்துக்குப் பின் அந்த நிறுவனம் பெரிய பயணிகள் கப்பல் கட்டுவதையே கைவிட்டது. எஃகு உடலைப் பற்றவைத்து முடிப்பது வேலையில் ஒரு பகுதிதான். குளியலறையோடு முழுதாகச் செய்யப்பட்ட அறைகள் பெட்டி பெட்டியாக வந்து கப்பலின் உடலுக்குள் செருகப்படும். ஒவ்வொன்றுக்கும் நீர்க்குழாய், கழிவுக்குழாய், மின்கம்பி, தீயணைப்புத் தெளிப்பான் எல்லாம் இணைக்கப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். ஆயிரக்கணக்கான அறைகளுக்கு இதைச் செய்யும்போது ஒரு துணை ஒப்பந்ததாரர் பின்தங்கினாலும் அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க நேரிடும்.

வெள்ளோட்டத்திலிருந்து ஒப்படைப்பு வரை

கட்டுமானத்தின் படிநிலைகள் செய்திகளில் வந்துகொண்டே இருக்கும்: முதல் எஃகு வெட்டு, அடிக்கட்டை இடுதல், நீரில் மிதக்கவிடுதல், கடலில் வெள்ளோட்டம், ஒப்படைப்பு, முதல் பயணம். இவற்றுள் பயணிக்கு உண்மையான தகவல் தருவது வெள்ளோட்டம்தான். அது குறித்த மாதத்தில் நடந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அறிவித்த மாதம் கடந்தும் வெள்ளோட்டச் செய்தி வரவில்லை என்றால், நிறுவனம் வாய் திறக்கும் முன்பே தாமதத்தை எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

பாபன்பர்க்கில் கட்டப்படும் கப்பலுக்கு இன்னொரு படியும் உண்டு. அந்த ஊர் கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உள்ளே, எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. கப்பல் கிளம்பும்போது, காண்டர்சும் என்னும் இடத்தில் உள்ள தடுப்பணையை மூடி ஆற்றின் நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். பிறகு இழுவைப் படகுகளின் துணையோடு கப்பல் பின்புறம் முன்னாகப் பாலங்களைக் கடந்து மெல்ல நகர்கிறது. மாடுகள் மேயும் புல்வெளிக்கு நடுவே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று ஊர்ந்து போவதுபோல் இருக்கும் அந்தக் காட்சியைக் காணப் பல்லாயிரம் பேர் கரைகளில் கூடுவார்கள். நீர்மட்டமும் காற்றும் ஒத்துவந்தால்தான் இந்த நகர்வு நடக்கும் என்பதால், அந்த நாளைக் கவனித்துவந்தால் அட்டவணை சரியாகப் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒப்படைப்புக்கும் முதல் பயணத்துக்கும் நடுவே எத்தனை நாள் விடப்பட்டிருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். துர்க்குவில் கட்டப்பட்ட ஐகான் ஆஃப் த சீஸ் 2023 நவம்பர் 27 அன்று ஒப்படைக்கப்பட்டு, 2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து முதல் பயணம் தொடங்கியது. இரண்டு மாத இடைவெளி, சிறு பிழைகளை விழுங்கிக்கொள்ளப் போதுமானது. பத்து, பதினைந்து நாள் மட்டுமே விட்டிருக்கும் கப்பலில் ஒரு சிறு கோளாறும் நேராகப் பயணியின் மீதுதான் வந்து இறங்கும்.

தளத் துறைமுகம் ஏன் இவ்வளவு முக்கியம்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். கப்பலின் பின்புறத்தில் நாசாவ், பனாமா, வாலெட்டா என்று எழுதப்பட்டிருக்கும் ஊர், அது பதிவு செய்யப்பட்ட ஊர். கப்பல் அங்கே ஒருமுறைகூட நிற்காமல் இருக்கலாம். பயணிகள் ஏறி இறங்கும் தளத் துறைமுகமே நமக்குத் தேவையானது. ஒரே நாளில் ஐயாயிரம், ஆறாயிரம் பேர் இறங்கி அதே அளவு பேர் ஏறுவதற்கான முனையம், அருகில் பெரிய விமான நிலையம், நீளமான தங்குதுறை, எரிபொருள் நிரப்பும் வசதி, பருவநிலை ஆகியவற்றைப் பார்த்து நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. கரீபியனுக்கு மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் ஆகிய புளோரிடாத் துறைமுகங்கள் முன்னணியில் நிற்பது இதனால்தான். பல கப்பல்கள் கோடையில் மத்தியதரைக் கடலிலோ அலாஸ்காவிலோ ஓடி, குளிர்காலத்தில் கரீபியனுக்குத் திரும்பும்.

தாமதத்தையும் தளத் துறைமுகத்தையும் ஏன் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன் என்பது இங்கேதான் விளங்கும். ஐரோப்பாவில் கட்டப்பட்ட கப்பல், அமெரிக்காவில் உள்ள தன் தளத் துறைமுகத்துக்குப் போகும் முன் சில வாரங்கள் ஐரோப்பாவிலேயே பயணம் நடத்தத் திட்டமிடப்படுவது வழக்கம். ஒப்படைப்பு தள்ளிப்போனால் முதலில் வெட்டுப்படுவது அந்த இடைக்காலப் பயணங்களே. தளத் துறைமுகத்தின் அட்டவணையைக் காப்பாற்றவே நிறுவனம் முயலும். கார்னிவல் நிறுவனத்தின் மார்டி கிரா 2020 ஆகஸ்டில் கோபன்ஹேகனிலிருந்து தொடங்கவிருந்தது. தாமதம் அறிவிக்கப்பட்டதும் ஐரோப்பியப் பயணங்களும் அட்லாண்டிக் கடப்பும் ரத்தாகின. போர்ட் கனாவரலிலிருந்தே நவம்பரில் தொடங்கும் என்று மாற்றினார்கள். பிறகு பெருந்தொற்று வந்து அதை 2021 ஜூலை வரை தள்ளியது வேறு கதை. ஸ்டார் பிரின்சஸும் ஐரோப்பியக் கோடையை இழந்ததே தவிர, நவம்பரில் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனவே புதிய கப்பலில்தான் போக வேண்டும் என்று மனம் விரும்பினால், அது தன் நிரந்தரத் தளத் துறைமுகத்துக்கு வந்து ஒரு மாதமாவது ஓடிய பிறகான நாளில் இடம் பதியுங்கள். முதல் பயணம் என்ற பெருமை மட்டும்தான் குறையும்; கப்பல் அதே கப்பல்தான்.

கட்டுமானத் தளத்திலிருந்து நேராகத் தன் தளத் துறைமுகத்துக்கே போகும் கப்பலுக்கு இந்தக் காப்பு இல்லை. தமிழ் வாசகர்கள் பலர் ஆவலோடு எதிர்பார்த்த டிஸ்னி அட்வென்ச்சர் அப்படிப்பட்டது. வேறொரு நிறுவனத்துக்காக ஜெர்மனியின் விஸ்மார் நகரில் கட்டப்பட்டுவந்த அந்தக் கப்பல், 2022 ஜனவரியில் கட்டும் தளமே திவாலானதால் பாதியில் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னி அதை வாங்கியதாக அறிவித்து, பின்னர் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குச் சிங்கப்பூரைத் தளத் துறைமுகமாக வைத்தது. 2025 டிசம்பர் 15 அன்று தொடங்கவிருந்த முதல் பயணம் 2026 மார்ச் 10க்குத் தள்ளிவைக்கப்பட்டபோது, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையை நம்பிப் பதிந்த குடும்பங்களுக்குத்தான் இழப்பு. இத்தகைய கப்பலுக்கு நான் மூன்று மாத இடைவெளி விடச் சொல்வேன்.

விமானச் சீட்டும் விசாவும்

விமானச் சீட்டை வெள்ளோட்டம் முடிந்த பிறகே வாங்குங்கள். அதற்கு முன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டணம் கூடுதலானாலும் நாளை மாற்றக்கூடிய சீட்டையே வாங்குங்கள், அல்லது கப்பல் நிறுவனமே விற்கும் விமானத் தொகுப்பில் சேருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பெரும்பாலும் பயண நாள்களை ஒட்டியே தரப்படுகிறது. கப்பல் இரண்டு மாதம் தள்ளிப்போனால் கையில் உள்ள விசா செல்லாமல் போகும். வழியில் ஷெங்கனில் சேராத துருக்கியோ இங்கிலாந்தோ இருந்தால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும்.

பணம் திரும்பப் பெறும் உரிமை, எங்கே ஏறுகிறீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறும் பயணம் ரத்தானாலோ, ஏறும் நாள் மூன்று நாளுக்குக் குறையாமல் தள்ளிப்போய் நீங்கள் போக விரும்பாவிட்டாலோ, கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அந்நாட்டின் கூட்டாட்சிக் கடல்வணிக ஆணையத்தின் விதி சொல்கிறது. அடுத்த பயணத்துக்கான வரவுத் தொகையை நிறுவனம் நீட்டினால், அதை ஏற்கும் முன் பணமாகத் தர வாய்ப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் கப்பல் கட்டுமானத் தாமதம் அடங்குமா என்பதையும் பாலிசி ஆவணத்தைப் படித்து உறுதிசெய்யுங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது.

ஊர்ப்பெயரை நம்பாதீர்கள்

கடைசியாக, சீட்டில் உள்ள ஊர்ப்பெயருக்கும் கப்பல் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். 'ரோம்' என்றால் சிவிதாவெக்கியா. 'லண்டன்' என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே. 'பாங்காக்' என்றால் லெம் சபாங். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாய்க்குள் நுழையத் தடை இருப்பதால், 'வெனிஸ்' என்று விற்கப்படும் பயணம் மார்கேராவிலோ, திரியெஸ்தேயிலோ, சாலை வழியாக இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ரவென்னாவிலோ தொடங்கலாம். சிங்கப்பூரில் ஊர் ஒன்றே என்றாலும் முனையம் இரண்டு: ஹார்பர்ஃபிரண்டில் உள்ள பழைய முனையம் ஒன்று, 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே முனையம் மற்றொன்று. எந்த முனையம் என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் வரும் ஏறுசீட்டில் பார்த்து, வாடகைக் காரில் ஏறும்போது ஓட்டுநரிடம் முனையத்தின் பெயரையே சொல்லுங்கள்.