ஈனியடை லத்தீனிலேயே வாசிக்க: நான் போன வழி

ரோமானியக் கவி வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தை லத்தீன் மூலத்தில் படிக்க ஆசைப்பட்டு, முதல் பக்கத்திலேயே முட்டி நிற்பவர்களுக்கு இந்தப் பதிவு. வேற்றுமையும் வினைத்திரிபும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் முதலில் கதை வழியே லத்தீன் கற்பிக்கும் பாடநூலான ஓர்பெர்கின் ‘லிங்குவா லதீனா’ முதல் பாகத்தை, 35 பாடங்களையும், முடித்துவிட்டு வாருங்கள். அட்டவணை மனப்பாடம் எனக்கு ஒத்துவரவில்லை. கதையாகப் படித்ததுதான் ஒட்டியது.

1. எவ்வளவு எடுப்பது

மொத்தம் 12 காண்டம், 9,896 அடி. மலைக்க வேண்டாம். முதல் காண்டத்தின் முதல் 33 அடி போதும். நாளைக்கு ஐந்து அடி.

2. உரையும் அகராதியும்

கிளைட் ஃபார் 1930இல் வெளியிட்ட பதிப்பைத்தான் சிபாரிசு செய்வேன். முதல் ஆறு காண்டங்கள். அருஞ்சொற்பொருளும் குறிப்பும் அதே பக்கத்தின் அடியிலேயே இருக்கும். பக்கம் புரட்டும் வேலை இல்லை. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் டிக்கின்சன் கல்லூரியின் இணைய உரை இருக்கிறது, இலவசம்.

அகராதிக்கு லோகியன் என்ற இணையதளம். சிகாகோ பல்கலைக்கழகத்தினுடையது, 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் பேரகராதி அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய நூல்களின் மூலங்களைத் தரும் பெர்சியஸ் தளத்தில் சொல்லைச் சொடுக்கினால் இலக்கணக் குறிப்பு வரும். ஆனால் அது சாத்தியமான எல்லாவற்றையும் கொட்டும். முதல் அடியின் கடைசிச் சொல் ‘ஓரீஸ்’ என்றால் ‘கரைகளிலிருந்து’. ‘ஓரிஸ்’ என்றால் ‘வாயினுடைய’. லத்தீன் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். முன்னால் ‘அப்’ (‘இருந்து’) நிற்பதால் இங்கே கரைதான். அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும், தளம் எடுக்காது.

3. அலகிடுதல் (நான் மாட்டிய இடம்)

அலகிடுதல் என்றால் அடியை அசையாகவும் சீராகவும் பிரிப்பது. ஓர் அடிக்கு ஆறு சீர். ஒரு சீர் என்பது ஒரு குருவும் (நீண்ட அசை) இரண்டு லகுவும் (குறுகிய அசை), அல்லது இரண்டு குரு. ஐந்தாவது சீர் பெரும்பாலும் முதல் வகை. ஆறாவதில் இரண்டே அசை. கடைசி அசை எதுவானாலும் சரி.

இதைப் படித்ததும் ‘நமக்குத் தெரியாத யாப்பா’ என்று இறங்கினேன். அங்கேதான் கோளாறு. நம் யாப்பில் க, கல், கா, கால் எல்லாமே நேரசை. லத்தீனில் ‘க’ மட்டும் லகு, மற்ற மூன்றும் குரு. நானோ முதல் அடியின் முதல் சொல்லான ‘அர்ம’ என்பதைத் தேமா (நேர் நேர்) என்று குறித்துவைத்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அடியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு நம் எழுத்தில் இருப்பதால் குறில் நெடில் தானாகத் தெரிந்துவிடுகிறது. நெடில் எது என்பதை மட்டும் அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்:

அர்-ம-வி | ரும்-க்வெ-க | னோ-த்ரோ | யய்-க்வீ | ப்ரீ-மு-ஸ | போ-ரீஸ்

கடைசியில் ‘ப்ரீமுஸ் அப் ஓரீஸ்’ என்ற மூன்று சொற்களும் சேர்ந்து ஓடுவதைக் கவனியுங்கள். மெய்யின்மேல் உயிர் ஏறுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் மூன்றாம் அடி. ‘முல்தும் இல்லெ எத்’ என்று இருக்கிறது, எண்ணினால் அசை கூடுகிறது. ‘காசு இல்லை’ என்பது ‘காசில்லை’ ஆவதுபோல, ஓர் உயிர் முன் இன்னோர் உயிர் வந்தால் முதல் உயிர் விழும். அது எனக்குப் புரிந்தது. புரியாதது மகரம். மரம் + அடி ‘மரவடி’ ஆகும்போது நமக்கு ‘ம்’ மட்டும் போகிறது. லத்தீனில் அதற்கு முன்னுள்ள உயிரும் சேர்ந்தே போகும். ஆக ‘முல்தில்லெத்’:

லீ-தொ-ர | முல்-தில் | லெத்-தெர் | ரீஸ்-யக் | தா-து-ஸெ | தல்-தோ

அலகிடுவது அலங்காரத்துக்கு இல்லை. 12ஆம் அடி ‘உர்ப்ஸ் அந்தீக்வ ஃபுஇத்’. இதில் ‘க்வ’ குறிலாக நின்றால்தான் சீர் அமையும். குறில் என்றால் எழுவாய் வேற்றுமை: ‘ஒரு பழைய நகரம் இருந்தது’. அலகு பொருளையும் சொல்லிவிடுகிறது. தானாக அலகிட்டுத் தரும் தளங்களும் உண்டு. சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கொண்டுகூட்டு

இரண்டாம் அடியில் ‘லாவீன்யக்வெ’ என்று வரும், அது தழுவும் ‘லீதொர’ (கரைகள்) அடுத்த அடியின் தொடக்கத்தில் கிடக்கும். நடுவே வினை. புறநானூற்று உரைகளில் பொருள்கோள் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பயமுறுத்தாது. பென்சிலால் கோடு போட்டு இணைத்துவிடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை அடி முடிந்த பிறகு திறங்கள், முன்னால் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: ‘ஹ’ இடையில் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதை மெய்யாக எண்ணாதீர்கள். மூன்றாம் காண்டம் 658ஆம் அடியில், கண் பிடுங்கப்பட்ட அரக்கன் வரும் இடத்தில், ‘மோன்ஸ்த்ரும் ஹொர்ரெந்தும்’ என்பது ‘மோன்ஸ்த்ரொர்ரெந்தும்’ ஆகிவிடும். அதே அடியில் இன்னும் இரண்டு உயிர் விழுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அரக்கன் தடுமாறி வருவதுபோலவே இருக்கும்.

பின்சேர்க்கை 2: முதல் காண்டம் 534ஆம் அடி அலகிட வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். வராது. கி.மு. 19இல் வர்ஜில் இறந்தபோது காவியம் முடியவில்லை; அது பாதியில் நிற்கும் அடி. இப்படி இன்னும் பல இடங்கள் உண்டு. எனக்கும் ஒரு முழு மாலை அதில் போயிற்று.