பிடித்த தளம் போலவே ஒன்று கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஒரு இணையதளத்தைப் பார்த்ததும் 'இதே மாதிரி நாமும் ஒன்று செய்தால் என்ன?' என்று தோன்றுவதில் தவறே இல்லை. பதிப்புரிமை எண்ணத்துக்குக் கிடையாது, அந்த எண்ணத்துக்கு ஒருவர் கொடுத்த வடிவத்துக்குத்தான் உண்டு. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸின் 9-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. பழைய பொருட்களை விற்கும் தளம் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. அதற்காக ஒருவர் எழுதிய வாசகமும் கோடும் (code, அதாவது நிரல்), வரைந்த படமும் அவருக்குச் சொந்தம்.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

முதல் படி: அந்தத் தளம் என்னென்ன செய்கிறது என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். 'விற்பவர் படம் ஏற்றுவார், விலை போடுவார், வாங்குபவர் செய்தி அனுப்புவார்.' இவ்வளவு போதும். நிறம், தலைப்பு வாசகம், ஐகான் எதையும் குறிக்க வேண்டாம். எழுதி முடித்ததும் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது படி: அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, காகிதத்தில் உங்கள் பக்கத்தை வரையுங்கள். மேலே மெனு, மூலையில் தேடல் பெட்டி என்று எல்லாத் தளங்களிலும் இருப்பவற்றைத் தயங்காமல் வைக்கலாம். லோட்டஸ், போர்லண்ட் என்ற மென்பொருள் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில், மெனு கட்டளைகளின் அமைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1995-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதற்காக நிறம், படம், இடைவெளி எல்லாவற்றையும் அச்சு அசலாக எடுத்து வைத்தால் கதை வேறு.

மூன்றாவது படி கோட். புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். பிரவுசரில் சோர்ஸ், அதாவது தளத்தின் மூலக் கோட், தெரிகிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு தேவையில்லை, தளத்தின் அடியில் © குறியும் தேவையில்லை. எடுத்த கோடில் பெயர்களை மட்டும் மாற்றினால் அது உங்களுடையது ஆகாது. ஓப்பன் சோர்ஸ் கோடை, அதாவது பிறரும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்து வெளியிட்ட கோடை, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் லைசென்ஸைப் (உரிமத்தை) படியுங்கள். எம்ஐடி (MIT) உரிமம் என்றால் அதிலுள்ள உரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருக்க வேண்டும். ஜிபிஎல் (GPL) உரிமம் என்றால், நீங்கள் மாற்றியதைப் பிறருக்கு விநியோகிக்கும்போது மூலக் கோடையும் அதே உரிமத்தில் தர வேண்டும். கோடைப் பகிரும் தளமான கிட்ஹபில் பொதுவில் கிடந்தாலும் லைசென்ஸே இல்லாத கோடைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள்.

அப்புறம் வாசகமும் படமும். தேடலில் கிடைத்த படம் அனுமதி பெற்ற படம் அல்ல. சில நிபந்தனைகளோடு பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படத்தில் 'என்சி' (NC, வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்) என்றிருந்தால் வணிகத் தளத்துக்கு ஆகாது. தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைப் பலரும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அதுவும் ஒருவர் எழுதியதுதான். அதோடு, உங்கள் தளம் செய்யாததைச் செய்வதாக அது உங்கள் பயனரிடம் பொய் சொல்லும். எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது.

பெயரும் லோகோவும் வணிக முத்திரைக்குள் வருபவை, பதிப்புரிமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பிடித்த அந்தத் தளத்தை அறிந்த ஒருவரிடம் உங்கள் பக்கத்தைக் காட்டுங்கள். 'இது அவர்களுடையதா?' என்று கேட்டால் மாற்றுங்கள். காப்புரிமை, அதாவது பேட்டன்ட், இன்னொரு தனி விஷயம். ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-இல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கியது. அது 2017 வரை நடப்பில் இருந்தது. சில நேரம் ஒரு வசதி செயல்படும் முறையே ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம்.

கடைசியாக, முதல் படியில் எழுதிய குறிப்பு, வரைந்த காகிதம், பயன்படுத்திய லைசென்ஸ்களின் பட்டியல் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். யாராவது நோட்டீஸ் அனுப்பினால் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். அதை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.